சின்னப் படம் கையில் இருக்கிறது: தியேட்டரா, ஓடிடியா, விழாவா?

படத்தை முடித்துவிட்டு யோசனை கேட்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பணம் யாருடையது? கதை என்ன, யார் நடித்திருக்கிறார்கள், பிரிவியூ பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அப்புறம். சொந்தச் சேமிப்பா, நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டதா, ஊர் நிலத்தை விற்றதா, மாத வட்டிக்கு ஃபைனான்சியரிடம் வாங்கியதா? இதற்குப் பதில் சொல்லி முடிக்கும்போதே பாதி முடிவு ஆகிவிடும். எந்த வழி நல்ல வழி என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எத்தனை மாதம் உங்களால் காத்திருக்க முடியும் என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது.

நான் பேசுவது நட்சத்திரம் இல்லாத, ஒரு கோடிக்குள் முடிந்த தமிழ்ப் படங்களைப் பற்றி. ஆண்டுக்கு 200க்கும் மேல் தமிழ்ப் படங்கள் வெளியாகின்றன. அவற்றில் கணிசமானவை இந்த ரகம். வெளியான சுவடே தெரியாமல் போகிறவையும் இவற்றில்தான் அதிகம்.

கணக்குக்காக ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஃபர்ஸ்ட் காபி வரை, அதாவது படம் திரையிடத் தயாராகும் வரை, 80 லட்சம் ஆகியிருக்கிறது. முழுவதும் மூணு வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்) வாங்கிய பணம் என்றால் மாதத்துக்கு 2.4 லட்சம் வட்டி. ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் 28.8 லட்சம். இரண்டு வருடம் என்றால் 57.6 லட்சம், அதாவது அந்தக் காசில் சிக்கனமாக இன்னொரு படமே எடுத்திருக்கலாம். இதே 80 லட்சம் நான்கு நண்பர்களின் பணமாக இருந்து, அவர்கள் அவசரப்படுத்தாதவர்களாகவும் இருந்தால், காத்திருப்பதன் விலை கிட்டத்தட்டப் பூஜ்யம். ஒரே படம்தான், ஆனாலும் இந்த இரண்டு பேருக்கும் ஒரே ஆலோசனையைச் சொல்வது பாவம்.

தியேட்டரிலிருந்து ஆரம்பிக்கலாம். எல்லோருடைய ஆசையும் அங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டு விநியோகம் ஏரியா கணக்கில் நடக்கிறது: சென்னை சிட்டி, செங்கல்பட்டும் இரு ஆற்காடுகளும் சேர்ந்தது, கோவை, மதுரை-ராம்நாடு, திருச்சி-தஞ்சாவூர், சேலம், நெல்லை-கன்னியாகுமரி. பெரிய படத்துக்கு ஒவ்வொரு ஏரியாவும் ஒரு வியாபாரம். அவுட்ரேட்டாக மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள், அல்லது எம்.ஜி. (மினிமம் கியாரண்டி, குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) கொடுப்பார்கள், வசூல் அந்தத் தொகையைத் தாண்டினால் மேலே பங்கு உண்டு, தாண்டாவிட்டால் நஷ்டம் வாங்கியவருடையது. சின்னப் படத்துக்கு இந்த இரண்டும் அநேகமாக இல்லை. யாராவது எம்.ஜி. தருகிறேன் என்று வந்தால், தொகை சிறிதென்று முகம் சுளிக்காமல், செக் பாஸாகிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். மீதி இருப்பது கமிஷன் அடிப்படை. விநியோகஸ்தர் தன் பெயரையும் தியேட்டர் தொடர்புகளையும் தருவார். போஸ்டர், விளம்பரம், டிஜிட்டல் கட்டணம் எல்லாம் உங்கள் செலவு. வசூலில் அவர் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புவார். படம் ஓடாவிட்டாலும் அவர் கையிலிருந்து ஒரு பைசா போகாது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஆனால் “ரிலீஸ் பண்ணித் தர்றேன்” என்ற வார்த்தையை “படத்தை வாங்கிக்கிறேன்” என்று காதில் போட்டுக்கொள்கிற புதுத் தயாரிப்பாளர்களை நிறையப் பார்த்தாயிற்று.

இப்போது கணக்கு. டிக்கெட்டில் வரியெல்லாம் போக 100 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தியேட்டர் பங்கு பாதி போக 50. அதில் விநியோகஸ்தர் கமிஷன் பத்து சதவீதம் போக 45. ஒருவர் வந்து படம் பார்த்தால் உங்களுக்கு 45 ரூபாய். ரிலீஸ் செலவு மட்டும் 25 லட்சம் என்றால், அதை எடுக்கவே ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் வர வேண்டும். படத்தின் 80 லட்சத்தையும் சேர்த்து எடுக்க 2,33,000 பேர். இனி எதிர்ப்பக்கம். 60 திரை, திரைக்கு இரண்டு காட்சி, காட்சிக்குச் சராசரி 25 பேர். பெயர் தெரியாத படத்துக்கு இந்த 25 பேரே தாராளமான ஊகம். ஒரு நாளைக்கு 3,000 பேர், வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சேர்த்து 9,000 பேர். உங்கள் பங்கு நான்கு லட்சத்துச் சொச்சம். திங்கள்கிழமை காட்சி பாதியாகும். அடுத்த வெள்ளிக்கிழமை புதிதாக ஐந்தாறு படங்கள் வந்து வரிசையில் நிற்கும்.

சதவீதங்கள் ஊருக்கு ஊர், தியேட்டருக்குத் தியேட்டர் மாறும். நீங்கள் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள், விடை பெரிதாக மாறாது. 2025 செப்டம்பரில் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் நம்முடைய பிரச்சினை டிக்கெட்டின் விலையைவிட, 11.30 மணிக் காட்சிக்கு வந்து உட்காரும் தலைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

டிஜிட்டல் கட்டணம் தனிக் கதை. ஃபிலிம் பெட்டி தூக்கிய காலத்தில் பிரிண்ட் செலவு. இப்போது கியூப், யு.எஃப்.ஓ. போன்ற நிறுவனங்களுக்குத் திரைக் கணக்கில் வி.பி.எஃப். என்ற டிஜிட்டல் திரையிடல் கட்டணம். இதை எதிர்த்துத்தான் 2018 மார்ச் 1 முதல் தமிழ்த் தயாரிப்பாளர் சங்கம் புதுப்பட வெளியீட்டையே நிறுத்தியது. ஏப்ரல் பாதிக்கு மேல் வரை அது நீண்டது. சின்னப் படத்துக்கு இதில் பாடம் என்னவென்றால், நீங்கள் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு திரைக்கும் ஒரு விலை உண்டு. காலி அரங்குக்கும் அதே கட்டணம்தான். “120 தியேட்டர் போட்டிருக்கோம்” என்று போஸ்டரில் போடுவதற்காகச் செலவழித்த காசு திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு முட்டுச்சந்து, கடனில் எடுத்த படங்களுக்கு. திரையில் படம் ஓடுவதற்கான கே.டி.எம். என்ற டிஜிட்டல் சாவி, ஃபைனான்சியரின் க்ளியரன்ஸ் கடிதம் வந்த பிறகுதான் திறக்கும். காலைக் காட்சி ரத்து, மதியக் காட்சி ரத்து, மாலையில் படம் வரும் என்று தியேட்டர் வாசலில் ஒரு தாள் ஒட்டுவார்கள். நட்சத்திரப் படமென்றால் ரசிகன் மாலை வரை காத்திருப்பான். உங்கள் படத்துக்கு வந்த பதினைந்து பேர் பக்கத்து ஸ்கிரீனுக்குப் போய்விடுவார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் தியேட்டரை நான் தள்ளிவிடவில்லை. காரணம், அடுத்த வழியின் சாவி இப்போது இங்கேதான் இருக்கிறது.

2020 மே 29இல் ‘பொன்மகள் வந்தாள்’ தியேட்டருக்குப் போகாமல் நேராக அமேசான் பிரைமில் வந்தபோது தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். சின்னத் தயாரிப்பாளர்களோ ‘இனி நம் காலம்’ என்று நினைத்தார்கள். அரங்குகள் மூடிக்கிடந்த நாட்களில் தளங்களுக்குப் படம் தேவைப்பட்டது. கையில் இருந்ததை வாங்கினார்கள். அந்தத் தேவை முடிந்துபோயிற்று. இப்போது தளங்களின் முதல் கேள்வி “தியேட்டர்ல வந்துச்சா, எப்படிப் போச்சு?” என்பதுதான். நட்சத்திரப் படத்துக்கே வசூலைப் பார்த்துத் தொகையைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். பெயரில்லாத படத்தை மொத்த விலைக்கு வாங்குவது அரிது. வருவாய்ப் பங்கு என்ற திட்டத்தில் ஏற்றுவார்கள்: மக்கள் எத்தனை நிமிடம் பார்த்தார்களோ அந்த அளவுக்குப் பணம். பெரும்பாலும் இடைத்தரகு நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் போக முடியும். அவருக்கும் ஒரு பங்கு.

இந்தத் திட்டத்தில் படத்தை ஏற்றிய தயாரிப்பாளர்கள் முதல் மூன்று மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு அலைபேசியைக் கீழே வைத்துவிடுவார்கள். தளத்தில் படம் இருப்பது வேறு, முகப்பில் இருப்பது வேறு. தேடி எடுத்தால்தான் வரும் படத்தை, பெயர் தெரியாதவன் எப்படித் தேடுவான்? ஆகவே வருவாய்ப் பங்குக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும்: தனியுரிமை (வேறு எந்தத் தளத்துக்கும் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை) கேட்டால் கொடுக்கக் கூடாது. மொத்தத் தொகை தருகிறவன் தனியுரிமை கேட்கலாம், அது நியாயம். ஓடினால் பார்க்கலாம் என்கிறவனுக்கு எதற்குத் தனியுரிமை?

ஒப்பந்தம் பற்றி இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் சின்னப் படங்கள் உண்மையில் தொலைந்துபோவது இந்தத் தாளில்தான். “உலகம் முழுதும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக” என்று ஒரே வரியில் எழுதிக் கொண்டுவருவார்கள். சாட்டிலைட் (டிவி), இந்தி டப்பிங், ரீமேக், வெளிநாடு, விமானம், இசை எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். உரிமை மாற்றும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்ள வேண்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் வாங்குகிறவர்கள் காலத்தையும் இடத்தையும் மறக்காமல் எழுதிவிடுகிறார்கள். நீங்களும் மறக்காமல் படியுங்கள். இந்தியாவில் ஒரு திரைப்படத்துக்கான உரிமை 60 ஆண்டு நிற்கும். இன்று ஒன்றுக்கும் ஆகாது என்று தோன்றுகிற படத்தின் நாயகன் ஆறு வருடம் கழித்துப் பெரிய ஆளாகிவிடலாம். அன்றைக்கு வரும் பணம் யாருக்கு என்பது இன்றைக்குப் போடும் கையெழுத்தில் இருக்கிறது.

தளங்கள் கேட்கும் காகிதக் கட்டும் சாதாரணமில்லை. கதாசிரியர் எழுதிக்கொடுத்தது, நடிகர்கள், இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஒப்பந்தங்கள், பின்னணியில் டீக்கடை ரேடியோவில் பத்து வினாடி கேட்கும் பழைய பாட்டுக்கான அனுமதி வரை. நட்புக்காக நடித்தவரிடம் வெள்ளைத்தாளில்கூட எதுவும் வாங்காமல் விட்டிருப்பீர்கள். படப்பிடிப்பில் ஒரு மணி நேரத்தில் முடித்திருக்கக்கூடிய வேலை, இரண்டு வருடம் கழித்து அவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கெஞ்சும் வேலையாக மாறும். ஓடிடிக்கு மட்டும் போகிற படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயமில்லை, உண்மைதான். இருந்தாலும் வாங்கி வைப்பது நல்லது. தியேட்டரோ தேசிய விருதோ, அது இல்லாமல் முடியாது. 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ பிரிவே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருப்பதால் முன்பு போல மொத்தமாக ‘ஏ’ வாங்கி முடங்கும் பயமும் சற்றுக் குறைவு. தேசிய விருதுக்கு எந்த ஆண்டில் சான்றிதழ் வாங்கினோமோ அந்த ஆண்டுக் கணக்கில்தான் விண்ணப்பிக்க முடியும். டிசம்பர் கடைசி வாரத்தில் அவசரமாகச் சான்றிதழ் வாங்கிவிட்டு, விண்ணப்பத் தேதியைக் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு.

மூன்றாவது வழி திரைப்பட விழா. இங்கே எல்லோரும் காட்டும் உதாரணங்கள் மூன்று. ‘காக்கா முட்டை’ 2014இல் டொரண்டோவுக்குப் போனது, அடுத்த ஜூனில் தியேட்டருக்கு வந்து நன்றாக ஓடியது. ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது, ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனது. ‘கொட்டுக்காளி’ 2024இல் பெர்லினில் திரையிடப்பட்டு அதே ஆகஸ்டில் அரங்குகளுக்கு வந்தது. இப்படிப்பட்ட படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவரலாமா என்று திரையுலகுக்குள்ளேயே வாதம் நடந்தது. மூன்றும் நல்ல படங்கள். ஆனால் தயாரிப்பாளர் பெயர்களைப் பாருங்கள்: தனுஷ், வெற்றிமாறன், நயன்தாரா, விக்னேஷ் சிவன், சிவகார்த்திகேயன். அந்தப் படங்கள் சென்ற பாதையில் உங்கள் படமும் போகும் என்று நினைக்கும்போது, அவற்றின் பின்னால் நின்றவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்கள் நின்றபோதும் ‘கூழாங்கல்’ இந்தியாவில் பொதுப் பார்வையாளர்களுக்கு சோனி லிவ்வில் கிடைத்தது 2023 அக்டோபர் 27இல்தான். விருதுக்கும் அதற்கும் இடையில் இரண்டே முக்கால் வருடம். மூணு வட்டிக்காரர் இதைத் தாங்குவாரா?

விழா வழியில் பணம் நேராக வராது. வரக்கூடியவை பெயர், அடுத்த படத்துக்கான கதவு, சில நேரம் வெளிநாட்டு விற்பனை முகவர். கோவாவில் 2007 முதல் என்.எஃப்.டி.சி. (தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம்) நடத்திவரும் ஃபிலிம் பஜாருக்கு (இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார்) விழா இயக்குநர்களும் முகவர்களும் வருகிறார்கள். அங்கு வருகிறவர்கள் படங்களைப் பார்க்கும் வியூயிங் ரூமில் படத்தை வைக்கக் கட்டணம் உண்டு. ஆனால் முகம் தெரியாத இருபது விழாக்களுக்கு இணையத்தில் கட்டணம் கட்டி அனுப்புவதைவிட அது உருப்படியான செலவு. பெயர்ப் பலகை மட்டும் உள்ள, பணம் கட்டிய எல்லோருக்கும் ‘சிறந்த படம்’ கொடுக்கும் விழாக்களின் இலைச் சின்னங்களைப் போஸ்டர் முழுக்க ஒட்டினால் தளத்துக்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு எது என்னவென்று தெரியும்.

வழிகளின் வரிசையும் முக்கியம். பெரிய விழாக்கள் முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்பவை. படம் ஏற்கெனவே தியேட்டரிலோ இணையத்திலோ வந்துவிட்டால் அந்தக் கதவு சாத்தியாயிற்று. யூடியூபில் இலவசமாகப் போட்ட படத்தை எந்தத் தளமும் பிறகு காசு கொடுத்து வாங்காது. விழாவிலிருந்து தியேட்டருக்குப் போகலாம், தியேட்டரிலிருந்து ஓடிடிக்கு, அங்கிருந்து யூடியூபுக்கு. எதிர்த்திசையில் வண்டி கிடையாது. கோபத்தில், “எவனும் வாங்கலை, மக்கள்கிட்டயே கொண்டுபோறேன்” என்று ராத்திரியோடு ராத்திரியாக யூடியூபில் ஏற்றியவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. மறுநாள் காலையில் மீதி மூன்று வழியும் அடைந்திருக்கும்.

யூடியூபைப் பற்றி வேறு அதிகம் சொல்ல இல்லை. நீளமான காணொளிக்கான விளம்பர வருவாயில் 55 சதவீதம் சேனல்காரருக்கு வரும். ஏற்கெனவே லட்சக்கணக்கில் சந்தாதாரர் உள்ள சேனல் என்றால் அது ஒரு வருமானம். புதுச் சேனல் என்றால் பேட்டாவுக்குக்கூடப் போதாது. 2025 ஆகஸ்டில் ஆமிர் கான் தன் படத்தை 100 ரூபாய் கட்டணத்தில் யூடியூபில் விட்டபோது நம்மவர்கள் பலர் உற்சாகமானார்கள். அவர் ஆமிர் கான். கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய சி ஸ்பேஸ் தளம், பார்க்கிற படத்துக்கு மட்டும் 75 ரூபாய் என்ற ஏற்பாட்டோடு வந்தது. தமிழில் அப்படி ஓர் அரசுத் தளம் இருந்தால் இந்தக் கட்டுரையின் ஒப்பீடு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

பலரும் கணக்கிலேயே எடுக்காத வழி ஒன்று உண்டு: ஊர் ஊராகத் திரையிடுவது. மலையாளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா என்ற திரைப்படக் கூட்டமைப்பு மக்களிடம் காசு திரட்டி 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்து, ஊர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டியது. தமிழில் சாதி, நிலம், தொழிலாளர் வாழ்க்கை பேசும் படங்களுக்குக் கல்லூரிகள், தொழிற்சங்கங்கள், திரைப்பட இயக்கங்கள், புலம்பெயர்ந்தோர் சங்கங்கள் என்று ஒரு பார்வையாளர் கூட்டம் இருக்கிறது. ஒரு திரையிடலுக்கு இவ்வளவு என்று முன்பணமாகப் பேசிக்கொள்ளலாம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் தொகை நிற்கும். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், கட்டணம் வாங்கிக் காட்டும் இடத்துக்கு உரிமம் பற்றிய விதிகள் உண்டு. ஆகவே உரிமமுள்ள அரங்கை ஒரு காட்சிக்கு வாடகைக்கு எடுப்பதே தலைவலி இல்லாத வழி. இதில் 80 லட்சம் திரும்பாது. ஆனால் கமிஷன் ரிலீஸ் போல 25 லட்சம் கூடுதலாகப் போகவும் போகாது.

இனி முடிவு. வட்டிப் பணத்தில் எடுத்த படம் என்றால் விழாவை மறந்துவிடுங்கள். கிடைக்கிற எம்.ஜி., கிடைக்கிற மொத்தத் தொகை, எது முதலில் வருகிறதோ அதற்கு விற்றுவிட்டு அசலின் ஒரு பகுதியையாவது அடையுங்கள். 80 லட்சத்துக்கு 35 லட்சம் கிடைத்தால் அவமானமாகத்தான் இருக்கும். அடுத்த ஆண்டு 30 லட்சத்துக்கும் கேட்க ஆள் இருக்காது, வட்டி மட்டும் ஏறியிருக்கும். ரிலீஸ் செலவுக்கென்று அதே ஃபைனான்சியரிடம் இன்னொரு 25 லட்சம் வாங்குவதுதான் இந்த ஆட்டத்தில் மிக மோசமான நகர்வு. அதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள்.

வட்டியில்லாப் பணம், படமும் தன் மொழியில் தன் நிலத்தைச் சொல்கிற படம் என்றால், விழாக்களுக்கு ஒரே ஒரு ஆண்டுச் சுற்று கொடுங்கள். ராட்டர்டாம் ஜனவரி, பெர்லின் பிப்ரவரி, கோவா நவம்பர். அந்த வட்டம் முடிந்தும் அழைப்பு வராவிட்டால், அடுத்த வட்டத்துக்கு நீட்டிக்க வேண்டாம். அதே நேரத்தில் காகிதங்களைத் தயார் செய்துவிட்டு, 15 அல்லது 20 திரையில் மட்டும் ரிலீஸ் செய்யுங்கள். சென்னையில் மல்டிபிளெக்ஸ் நான்கைந்து, மீதி அந்தக் கதை நடக்கிற வட்டாரத்தில். தேனிப் பக்கத்துப் பேச்சில் எடுத்த படத்துக்கு மதுரை-ராம்நாடு ஏரியாவில் எட்டு திரை போதும். கோவையில் காலியாக ஓடும் இருபது திரையைவிட அது மேல். பொங்கலும் தீபாவளியும் உங்களுக்கானவை இல்லை. ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் இடம் கிடைக்கிறதே என்று எல்லாச் சின்னப் படங்களும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து விழுகின்றன. அந்தக் கூட்டத்தில் ஏழாவது படமாக நிற்க வேண்டாம். தேதியை இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டு அதில் நில்லுங்கள். பத்திரிகைக்காரர்களுக்குப் புதன்கிழமை காட்டுவதா வெள்ளிக்கிழமை காட்டுவதா என்று கேட்பார்கள். படத்தின் மேல் நம்பிக்கை இருந்தால் திங்கட்கிழமையே காட்டிவிடுங்கள். வாய்வழிப் பேச்சு பரவ உங்களிடம் இருப்பது அந்த நான்கு நாள்தான்.

நண்பர்களின் பணம் என்றால் இன்னொன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். மேலே போட்ட 45 ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் எழுதி, ரிலீஸுக்கு முன்னாலேயே நால்வரிடமும் கொடுத்துவிடுங்கள். டி.சி.ஆர். (அன்றைய வசூல் கணக்கு) தினமும் இரவு வரும். அதை அப்படியே குழுவில் போடுங்கள், சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு ஒன்பது பேர் என்று வந்தாலும்.